வீட்டில் இல்லாதவர்களின் பட்டியல்

நவம்பர் 6, வியாழன்

தாலுகா ஆபீஸில் வாக்காளர் பட்டியல் திருத்தக் கூட்டம். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்கு ஆரம்பித்தார்கள். எங்களைப் போன்ற வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள், அதாவது பி.எல்.ஓ.க்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு பை. என் பைக்கு ஜிப் வேலை செய்யவில்லை. உள்ளே கீழவன்னிப்பட்டு 147-ஆம் பாகத்து வாக்காளர்கள் 1,038 பேருக்கும் பெயர் அச்சடித்த படிவங்கள், எழுதாத பேனா இரண்டு. காலையில் அங்கன்வாடியில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு, மாலையில் வீடு வீடாகப் போய் இந்தப் படிவங்களை நிரப்பி வாங்க வேண்டும். செந்தாமரை டீச்சரை விட்டால் ஜனநாயகத்துக்கு வேறு நாதி இல்லை போலிருக்கிறது.

யார் யாரிடம் என்னென்ன பேச்சு வாங்கப்போகிறேனோ, எழுதி வைத்துக்கொள்வது நல்லது என்று இந்த டைரியை எடுத்தேன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த போன வருஷத்து டைரி. தேதிகளை அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

வருவாய் ஆய்வாளர், எங்கள் ஆர்.ஐ., ஜெயசீலன் சார் ஒரு மணி நேரம் பேசியதில் உருப்படியானது ஒன்றுதான். வருஷக்கணக்காக வெளிநாட்டில் இருப்பவனை உள்ளூரில் குடியிருப்பவன் என்று பட்டியலில் வைத்திருக்கக் கூடாது. ஓட்டு வேண்டுமானால் 6ஏ என்று அவனுக்குத் தனிப் படிவம் இருக்கிறது. பாஸ்போர்ட், விசா நகலோடு கொடுத்தால் பட்டியலின் கடைசியில் 'வெளிநாட்டு வாக்காளர்' என்ற தலைப்பின் கீழ் சேர்ப்பார்கள். ஆனால் ஓட்டுப் போட நேரில்தான் வர வேண்டும். அந்த நாட்டுக் குடியுரிமையே வாங்கிவிட்டவனுக்கு அதுவும் கிடையாது. பெயரை எடுத்துவிட வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தன் விமானம் ஏறியிருக்கிறான். வீட்டில் இல்லாதவருக்காகக் குடும்பத்தில் யாராவது கையெழுத்துப் போடலாம் என்று ஒரு வசதி இருக்கிறதல்லவா, அதை வைத்துப் பெண்டாட்டிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பட்டியலை ஊத வைத்திருக்கிறார்கள். இந்தத் தடவை என்னிடம் நடக்காது.

எங்கள் வீட்டுப் படிவங்களை மட்டும் இன்றே முடித்துவிட்டேன். 412 என் வீட்டுக்காரர், சிங்காரவேலு. 413 நான். அவர் சிங்கப்பூரில் இருப்பதால் அவருக்கும் நானே கையெழுத்துப் போட்டு, உறவுமுறை மனைவி என்று எழுதினேன். பதினேழு வருஷமாகிறதுதான். ஆனால் அவர் வந்துவிடப்போகிறவர். அது வேறு.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று நாற்பது வீடு. கால் இரண்டும் கழன்றுவிட்டன.

மேலத்தெருவில் ஒருத்தி கூசாமல் சொன்னாள். "வீட்டுக்காரரு திருப்பூர்ல வேலை பாக்குறாரு டீச்சர்." அவள் தலைக்கு மேலே சுவரில் அந்த மனுஷன் பாலைவன மணல்மேட்டில் நின்று கையில் ஒரு ராஜாளிப் பறவையை வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

"திருப்பூர்ல ராஜாளி வளக்குறாங்களாம்மா?" என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன். பெயரையும் அடித்தேன்.

அடுத்த வீட்டில் மூன்று மகன்களை மூன்று நாட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் மிராசு. "எம்மவன் பேரை எடுத்துட்டா அப்புறம் அவன் எதுக்கு இந்த ஊருக்கு வரணும்?" என்று சண்டைக்கு வந்தார்.

"இருந்தப்ப மட்டும் வந்தாராக்கும்" என்றேன். இவர்களுக்கெல்லாம் வராதவனின் பெயரையாவது யாராவது கட்டிக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. என்ன பிழைப்போ.

என் மகள் சங்கவிக்குச் செப்டம்பரில் பதினெட்டு முடிந்தது. புது வாக்காளர் படிவத்தைக் காலேஜிலிருந்து வந்ததும் தானே நிரப்பிக் கொண்டுவந்தாள். உறவினர் என்ற கட்டத்தில் 'தாய்' என்று டிக் அடித்து என் பெயரை எழுதியிருந்தாள்.

"அப்பன் உசுரோட இருக்கறப்ப என்னடி தாய்? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

"சரிம்மா" என்று வேறு படிவம் எடுத்து, 'தந்தை' என்று எழுதிக் கொடுத்தாள். டிசம்பரில் வரைவுப் பட்டியல் வந்த பிறகுதான் புதுப் பெயர்களை வாங்குவார்கள். அதுவரை கோப்பில் இருக்கட்டும். கம்ப்யூட்டர் படிக்கிறவளுக்கு ஒரு படிவம் ஒழுங்காக நிரப்பத் தெரியவில்லை.

சாயங்காலம் சிங்கப்பூரிலிருந்து அவர் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு, பதினோரு நிமிஷம். எப்போதும் கட்டடத்துக்குக் கீழே நடந்துகொண்டேதான் பேசுவார். அறையில் ஆட்கள் தூங்குவார்களாம்.

நவம்பர் 14, வெள்ளி

அங்கன்வாடியில் குழந்தைகள் தினம். தலைவர் வேஷம் போட்டு வந்த ஒரு வாண்டு என் மடியில் ஒன்றுக்குப் போனது. இந்த மாதத்தில் என்னை மதித்து வீடு தேடி வந்த ஒரே தலைவர்.

நவம்பர் 17, திங்கள்

வாட்ஸ்அப்பில் 'வன்னிப்பட்டு உலகப் பேரவை' என்று ஒரு குழு. வன்னிப்பட்டில் இருப்பவர்கள் நாலு பேர், உலகத்தில் இருப்பவர்கள் முந்நூறு பேர். அதன் தலைவர் டாக்டர் அரங்க. செழியன். நியூஜெர்சியில் இருபத்தாறு வருஷம். இன்று ஏழு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். தாய்மண்ணின் தலைவிதியைத் தீர்மானிக்கும் உரிமை தங்களுக்கு மறுக்கப்படுகிறதாம். கைப்பேசியிலேயே ஓட்டுப் போட வழி செய்ய வேண்டுமாம். தாய்மண்ணில் தெருவிளக்கு எரிந்து மூன்று மாதமாகிறது என்று பதில் போட்டேன். இரண்டு பேர் கைகூப்பினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவரே போன் செய்துவிட்டார்.

"சகோதரி, பட்டியல்ல நம்ம பேரு பத்திரமா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"நீங்க எந்த நாட்டு பாஸ்போர்ட் சார் வச்சிருக்கீங்க?"

தொண்டையைச் செருமினார். "யு.எஸ். தான். ஆனா ஓ.சி.ஐ. கார்டு இருக்கும்மா. ஆயுசுக்கும் செல்லும்."

"அத வச்சு வரலாம், போகலாம், எவ்வளவு நாள் வேணாலும் இருக்கலாம் சார். ஓட்டுப் போட முடியாது."

"உணர்வால நான் இந்தியன்மா."

"உணர்வுக்குப் படிவம் கொடுக்கலை சார்."

வைத்துவிட்டார். அவர் பெயரை அடித்தபோது கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. இந்த நாடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே போய்க் கையைத் தூக்கிச் சத்தியம் செய்துவிட்டு, இங்கே வந்து உணர்வு என்கிறார். எழுதிக் கொடுக்கும்போது கை கூசாதா? பெண்டாட்டியிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா?

நவம்பர் 22, சனி

பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். வெளிநாட்டு வாக்காளர் ஏழு பேர். தனித் தலைப்பு, தனி மரியாதை. ஆறு பேர் வீட்டில் தாயோ தாரமோ இருந்து பதில் சொன்னார்கள். ஏழாவது, மாதாகோயில் தெரு அடைக்கலசாமி. குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். இன்றோடு மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் பூட்டு.

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "அவரு கொவைத்துல இருக்காரு. அந்த அக்காவும் தாயாருக்கு முடியலைன்னு ஒரத்தநாடு போயிருக்கு. எலெக்சனுக்கு அவரு வந்துருவாரு டீச்சர்."

"எல்லாருந்தான் வர்றேங்கிறாங்க" என்றேன்.

மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் எழுதிவிடலாம் என்று விதி இருக்கிறது. வீட்டில் இல்லை, நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர் என்று எழுதினேன். மழையில் நனைந்ததுதான் மிச்சம்.

நவம்பர் 30, ஞாயிறு

படிவங்கள் நனையாமல் இருக்க வழியில்லை. பரண்மேல் இருந்த அவருடைய பெட்டியை இறக்கினேன். ஆறு வருஷத்துக்கு முன் மாமியார் காரியத்துக்கு ஐந்து நாள் வந்தபோது விட்டுப்போன பெட்டி. உள்ளறையில் ஒரு பற்பசை கிடந்தது. குழந்தைகள் தேய்க்கிற ஸ்ட்ராபெர்ரி வாசனைப் பற்பசை, பாதி பிதுக்கியது. அப்போதே பார்த்துச் சிரித்திருக்கிறேன். சங்கவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த மனுஷனுக்கு மகள் எப்போதும் கைக்குழந்தைதான்.

துடைத்துவிட்டுப் படிவங்களை அடுக்கினேன். பூட்டும் நன்றாக இருக்கிறது.

ஆறு மணிக்குக் கூப்பிட்டார். ஒன்பது நிமிஷம்.

டிசம்பர் 20, சனி

வரைவுப் பட்டியல் வந்தது. 147-ல் தொண்ணூற்றாறு பெயர் நீக்கம். செத்தவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள், திருப்பூரில் ராஜாளி வளர்ப்பவர்கள், எல்லோரும் போனார்கள். ஆர்.ஐ. எல்லார் முன்னாலும் பாராட்டினார். ஜனவரி 18 வரை ஆட்சேபம் சொல்லலாம், புதுப் பெயர் சேர்க்கலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

மத்தியானம் குவைத்திலிருந்து அடைக்கலசாமி கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"டீச்சர், பட்டியல்ல எம்பேரு இல்லைன்னு போன்ல காட்டுது. வீட்ல ஆள் இல்லைன்னு காரணம் போட்டிருக்கு."

"மூணு தடவை வந்தேங்க. பூட்டிக் கெடந்துச்சு."

"நான் எப்படி டீச்சர் வீட்ல இருப்பேன்? வெளிநாட்டு வாக்காளர்னு எம்பேருக்கு மேலயே போட்டிருக்கே. இங்க இருக்கேன்னு தெரிஞ்சுதானே சேத்தாங்க. இங்க இருக்கேன்னே எடுத்துட்டீங்களே."

பின்னால் லாரிகள் ஹார்ன் அடிக்கும் சத்தம் கேட்டது.

"கிறிஸ்மசுக்குக்கூட வரலை டீச்சர். ஏப்ரல் எலெக்சனுக்குன்னு லீவை வச்சிருக்கேன். முப்பது நாள் தர மாட்டான், அஞ்சு நாள்தான் தருவான். பேரு இல்லைன்னா சொல்லிடுங்க, லீவை வேற யாருக்காச்சும் விட்டுக் கொடுத்துடறேன்."

பார்க்கிறேன் என்று வைத்தேன். விதிப்படிதான் செய்தேன். மூன்று தடவை போனேன். மழையில் போனேன்.

என் வீட்டுக்காரர் ஆறு மணிக்குக் கூப்பிட்டார். தலை வலிக்கிறது என்று நான்தான் சீக்கிரம் வைத்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஆர்.ஐ. விழுந்து விழுந்து சிரித்தார். "வெளிநாட்டு வாக்காளர் வெளிநாட்டுல இருக்கார்னு பேரை எடுத்த ஒரே ஆள் நீங்கதான் டீச்சர்." ஆபீஸே சிரித்தது. பியூன்கூட. அப்புறம் அவரே, புதிதாக 6ஏ போடச் சொல்லுங்கள், நீங்களே போய் விசாரித்து எழுதுங்கள், சேர்த்துவிடலாம் என்றார்.

கிளம்பும்போது கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஆமா, 412 உங்க வீட்டுக்காரர்தானே? சிங்கப்பூர்ல இருக்கார்னீங்களே."

"வந்துருவாரு சார்."

"சரி சரி. நம்ம வீட்டு ஆளுதானே. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, யாரு கேக்கப்போறா."

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மேலத்தெருக்காரியின் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தது ஞாபகம் வந்தது.

டிசம்பர் 27, சனி

அடைக்கலசாமி வீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மனைவி ஆரோக்கியமேரி காத்திருந்தாள். கேக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் விட மாட்டேன் என்றாள். அவர் அனுப்பியிருந்த பாஸ்போர்ட் நகல்களை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் திருச்சியில் இறங்கிய முத்திரை, ஐந்தாறு நாளில் ஏறிய முத்திரை. உள்ளாட்சித் தேர்தலுக்குக்கூட ஒரு தடவை வந்திருக்கிறார்.

"என்னைப் பாக்க வர்றாரா எலெக்சனப் பாக்க வர்றாரான்னே தெரியலை டீச்சர்" என்று சலித்துக்கொண்டாள். "வந்ததும் மொத வேலை, யாரு நிக்கிறாங்கன்னு கேட்டுட்டு ரெண்டு பக்கமும் திட்டறதுதான். அப்புறந்தான் சோறு."

இப்படிச் சலித்துக்கொள்வதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

விசாரித்தேன், உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன். 412-ஐயும் முறைப்படி மாற்றிவிட வேண்டும். அவருக்கும் 6ஏ போட்டுக் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

டிசம்பர் 28, ஞாயிறு

"அதெல்லாம் எதுக்கு தாமரை? நீதானே ஆபீசர். வழக்கம்போல கையெழுத்துப் போட்டுடு."

"இல்லங்க. ஊரு பேரையெல்லாம் எடுத்துட்டு நம்ம பேரை மட்டும் வச்சிருந்தா நல்லா இருக்காது. பாஸ்போர்ட்ல ரெண்டு பக்கம், விசா பக்கம் ஒண்ணு. போட்டோ எடுத்து அனுப்புங்க, போதும்."

"பாக்கறேன்" என்றார். ஐந்து நிமிஷம்.

ஜனவரி 4, ஞாயிறு

கூப்பிடவில்லை. வேலை இருந்திருக்கும்.

ஜனவரி 7, புதன்

பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது என்று மெசேஜ். கம்பெனிக்காரனுக்கு இவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன வேலை? கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன். பதினேழு வருஷம் அங்கே இருந்து என்ன கற்றுக்கொண்டாரோ.

ஜனவரி 11, ஞாயிறு

"18-ஆம் தேதி கடைசி. அனுப்பாவிட்டால் உங்கள் பெயரை நானே எடுத்துவிடுவேன்" என்று காலையில் மெசேஜ் போட்டேன். விளையாட்டாகத்தான்.

அரை மணி நேரத்தில் படம் வந்தது. ஒரு மேசைமேல் பாஸ்போர்ட். நம் பாஸ்போர்ட் கருநீலம். இது சிவப்பு. மேலே சிங்கப்பூர் அரசின் சிங்கம்.

பின்னாலேயே வாய்ஸ் மெசேஜ். அப்படியே எழுதி வைக்கிறேன். "தாமரை, நாலு வருசமாச்சு. இங்க இருக்கறதுக்கு அதான் தோதுன்னாங்க. சொல்லணும் சொல்லணும்னுதான் இருந்தேன். ஓட்டுதானே, பேரை எடுத்துடு. மத்தபடி ஒண்ணும் மாறலை."

அதை மூன்று தடவை கேட்டேன்.

படத்தின் ஓரத்தில், மேசை முனையில், ஒரு வண்ணப் பென்சில் டப்பா இருந்தது. ரோஸ் நிறம். கூடத் தங்கியிருப்பவர்கள் யாராவது குடும்பத்தோடு இருப்பார்களாயிருக்கும். டப்பாமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒட்டுகிற மாதிரி பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 12, திங்கள்

அங்கன்வாடிக்கு முட்டை வந்தது. நான்கு உடைந்திருந்தன. பிள்ளைகளுக்கு உயரம், எடை எடுத்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பக்கத்து வீட்டில் "அண்ணன் வரலையா?" என்றார்கள். லீவு கிடைக்கவில்லை என்றேன். சொல்லும்போதே மேலத்தெருக்காரியின் முகம்தான் கண்ணில் நின்றது. அவள் ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னாள் என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். நான் இதை எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்?

கரும்பை யாரும் தொடவில்லை.

ஜனவரி 17, சனி

நாளை கடைசி நாள்.

பேசாமல் இருந்துவிடலாம். ஆர்.ஐ.யே கண்டுகொள்ள மாட்டேன் என்றார். 412-க்குக் கீழே 413. கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த வரிசை மாறவில்லை. ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை எடுத்தாகிவிட்டது, அவர் கல்யாண மோதிரத்தை எங்கேயோ தொலைத்தாகிவிட்டது. எங்கள் இரண்டு பேர் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிற ஒரே காகிதம் இதுதான். அதில் இருந்தால்தான் என்ன, யாருக்கு என்ன நஷ்டம் என்று காலையிலிருந்து எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். ஊரில் அத்தனை பெண்டாட்டிகளும் என்னிடம் பேசிய அதே பேச்சு. அவர்கள் பேசும்போது எவ்வளவு கேவலமாகப் பார்த்தேன்.

பெட்டியைத் திறந்து படிவம் 7-ஐ எடுத்தேன். பெயர் நீக்கம். காரணங்களுக்கு நேரே கட்டங்கள். 'இடம்பெயர்ந்தவர்' என்று அடித்தால் கௌரவமாக முடிந்துவிடும். ஊருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தக் கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோய்விட்டேன்.

அடைக்கலசாமிக்கும் அதைத்தான் எழுதினேன். பொய்யை எழுதி ஒருத்தரை எடுத்தது போதும் என்று அடுத்த கட்டத்துக்குப் போனேன். 'இந்தியக் குடிமகன் அல்ல.' அதில் அடித்தேன்.

மனு செய்பவர்: செந்தாமரை. நீக்கப்பட வேண்டியவருக்கு உறவு: மனைவி.

அந்த டப்பாவில் ஒரு பெண் பிள்ளையின் பெயர் இருந்தது. மூன்றாம் வகுப்பு. பெயரின் பின்பாதி சிங்காரவேலு. அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பாதிப் பற்பசையோடு என் வீட்டில் ஐந்து நாள் சாப்பிட்டுத் தூங்கிப் போனானே, அந்த ஆளைத்தான் கொன்று போட வேண்டும் போலிருக்கிறது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேனே, அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சங்கவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படிவத்தைப் படித்தாள். ஏன், என்ன, எப்போது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து போய் அவளுடைய ரெக்கார்டு நோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். நவம்பரில் நான் திருப்பிக் கொடுத்த அதே படிவம். 'தாய்' என்று டிக் அடித்தது.

"கிழிச்சிருப்பேன்னு நெனைச்சியாம்மா?"

"ஒனக்கு எப்பலேர்ந்துடி தெரியும்?"

"பிளஸ் ஒன் படிக்கறப்பலேர்ந்து. ஃபேஸ்புக்ல அந்தப் பாப்பாவோட பர்த்டே படம் வந்துச்சு. ஒன்கிட்ட எப்படிம்மா சொல்றது? ஞாயித்துக்கெழமை ஆனா அஞ்சரை மணிக்கே தலை சீவிட்டு ஒக்காந்துருப்ப."

இருவரும் அழுதோம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பிறகு அவள் பசிக்கிறது என்றாள். தோசை வார்த்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மூன்று படிவங்களையும் கொடுத்துவிட்டு வந்தேன். அடைக்கலசாமியுடையது, சங்கவியுடையது, 412. ஆர்.ஐ. படித்துவிட்டு நிமிர்ந்தார். சிரிக்கவில்லை. "எதுக்கு டீச்சர் நீங்களே... நான் வேற ஆளை விட்டு எழுதியிருப்பேனே" என்றார்.

"விசாரிக்கத்தான் வேற ஆளை விடணும் சார். ஆதாரம் இருக்கு" என்று படத்தின் நகலைக் கொடுத்தேன். பென்சில் டப்பாவை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தேன்.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. எடுக்கவில்லை. தலையும் சீவவில்லை.

பிப்ரவரி 18, புதன்

இறுதிப் பட்டியல். 412-ன் மேல் குறுக்கே 'நீக்கம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எழுத்து கொஞ்சம் வழிந்து என் பெயரின் மேலும் பட்டிருக்கிறது. அச்சகத்துக்காரனுக்குக் கண் தெரியாது போலிருக்கிறது.

டாக்டர் செழியன் குழுவில் கவிதை போட்டிருக்கிறார். படிக்காமல் குழுவை விட்டு வெளியே வந்தேன்.

ஏப்ரல், வாக்குப்பதிவு நாள்

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் உதவி மேசை. ஆறரை மணிக்கே போய்ப் பட்டியலை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நல்ல வெயில். ராஜாளிக்காரனின் பெண்டாட்டி வந்து, என்னைப் பார்க்காமல் போனாள். நானே கூப்பிட்டு அவள் வரிசை எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தாள்.

பதினோரு மணிக்கு ஆட்டோவில் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினார். தலையில் கம்பெனித் தொப்பி, பெட்டியில் விமானத்துச் சீட்டு இன்னும் தொங்கியது. அடைக்கலசாமி. போனில் கேட்ட குரலுக்கு ஆள் இவ்வளவு குள்ளமாக இருப்பார் என்று நினைக்கவில்லை.

"பேரு இருக்கா டீச்சர்?"

"இருக்கு. கடைசிப் பக்கம், கடைசிப் பேரு. பெட்டியை இங்க வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறேன். அப்புறம்..." என்று நிறுத்தினேன். "நான் செஞ்சது தப்புங்க. மன்னிச்சுக்குங்க."

"அதான் சரி பண்ணிட்டீங்களே" என்று தொப்பியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் உள்ளே சத்தம். வாக்காளர் அட்டை கேட்டால் பாஸ்போர்ட்டைக் காட்டுகிறார் என்று வாக்குச்சாவடி அதிகாரி அவரை நிறுத்தி வைத்திருந்தார். உள்ளே போய்ப் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். "வெளிநாட்டு வாக்காளர் சார். இவருக்கு அட்டை கிடையாது. பாஸ்போர்ட்தான் அடையாளம். ஒங்க கையேட்டுலயே போட்டிருக்கு." அதிகாரி கையேட்டைப் புரட்டினார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததே இல்லையாம். சத்தமாக அடைக்கலசாமியின் பெயரைப் படித்தார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்து டிக் அடித்தார்கள்.

அவருக்குப் பின்னால் சங்கவி நின்றாள். வாக்குச்சாவடியில் பெயரைச் சத்தம் போட்டுத்தான் படிப்பார்கள், எல்லா ஏஜெண்டுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. "1039. சங்கவி. தாய் பெயர் செந்தாமரை." அந்த அறையில் எல்லோரும் எங்கள் ஊர்க்காரர்கள். யார் மகள் என்று எல்லோருக்கும் தெரியும். ஓர் ஏஜெண்ட் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் கையை நீட்டி மை வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மறைப்புக்குள் போனாள்.

உள்ளே வந்ததோடு வந்ததாக நானும் வரிசையில் நின்றேன்.

"413. செந்தாமரை. கணவர் பெயர் சிங்காரவேலு."

பட்டியலில் விரலை வைத்து ஓட்டிய ஏஜெண்ட் ஒரு வரி மேலே நின்றுவிட்டான். மிராசின் தம்பி மகன்தான். எங்கள் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறியவன்.

"412 நீக்கம்னு இருக்கே டீச்சர்" என்றான். குரலைத் தணித்துக்கொண்டான். "அண்ணனுக்கு என்னாச்சு? நாங்க யாரும் கேள்விப்படவே இல்லையே. தவறிட்டாரா?"

அடைக்கலசாமி வாசலில் நின்றார்.

"இல்லை. நல்லா இருக்காரு" என்றேன். "அந்த நாட்டுக்காரர் ஆயிட்டாரு, குடும்பத்தோட. இங்க அவருக்கு ஒண்ணும் கிடையாது. நான்தான் எழுதிக் கொடுத்து எடுத்தேன்."

அதிகாரி அடுத்தவரின் துண்டுச்சீட்டைக் கையில் எடுத்தார். நான் இடது கையை மேசைமேல் வைத்து விரலை நீட்டினேன். மை வைத்தார்கள்.